எழுத்துச் சாம்புவும் திரைச் சாம்புவும்: நகைச்சுவைத் துப்பறியும் கதை தொலைக்காட்சித் தொடராகும்போது நிகழும் மாற்றங்கள்

ஆய்வுச் சுருக்கம்

தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ தமிழ் நகைச்சுவைத் துப்பறியும் கதைகளுள் முதன்மையானது. ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த இக்கதைகள் பின்னர் நூலாகவும் மேடை நாடகமாகவும் படக்கதையாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வடிவம் பெற்றன. எழுத்தில் அமைந்த நகை, காட்சி ஊடகத்திற்கு மாறும்போது எவ்வகை மாற்றத்திற்கு உள்ளாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பியம் நகைக்குக் கூறும் நிலைக்களன்களுள் பேதைமை, மடன் ஆகிய இரண்டும் சாம்பு கதைகளில் இருவேறு பாத்திரங்களிடம் பகிர்ந்து வைக்கப்பட்டுள்ளன என்பதும், கதைசொல்லியின் குரல் நீங்கும்போது இச்சமநிலை குலைய வாய்ப்புண்டு என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. வங்காள, ஆங்கிலத் தழுவல்கள் சில ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

குறிச்சொற்கள்: தேவன், துப்பறியும் சாம்பு, தழுவல், தொலைக்காட்சித் தொடர், மெய்ப்பாடு, நகை, கதைசொல்லி.

முன்னுரை

ஒரு நாவலோ கதைத்தொடரோ தொலைக்காட்சிக்கு வரும்போது, ‘மூலத்திற்கு உண்மையாக இருக்கிறதா?’ என்ற வினாவே பெரும்பாலும் முதலில் எழுகிறது. எந்த நிகழ்ச்சி விடுபட்டது, எந்தப் பாத்திரம் சேர்க்கப்பட்டது என்று பட்டியலிடுவதோடு ஒப்பீடு முடிந்துவிடுகிறது. நகைச்சுவைப் படைப்பிற்கு இவ்வளவுகோல் போதாது. கதை நிகழ்ச்சிகள் யாவும் அப்படியே இருந்தும் சிரிப்பு வராமற் போகலாம். நிகழ்ச்சிகள் பல மாறியும் மூலத்தின் நகை முழுமையாக நிற்கலாம். ஆகவே நிகழ்ச்சிகளை ஒப்பிடுவதற்கு முன், நகை எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

இவ்வினாவிற்குத் தமிழில் ஏற்ற சான்றாக அமைவது ‘துப்பறியும் சாம்பு’. இதன் ஆசிரியர் தேவன் (ஆர். மகாதேவன், 1913–1957) திருவிடைமருதூரில் பிறந்தவர், ஆனந்த விகடனில் பணியில் சேர்ந்து அதன் நிர்வாக ஆசிரியராக உயர்ந்தவர். அவருடைய ‘கோமதியின் காதலன்’ 1955இல் திரைப்படமானது. 1940களில் விகடனில் வெளிவந்த சாம்பு கதைகள் ஐம்பது. ஓவியர் ராஜுவின் சித்திரங்களோடு அவை வாசகரை அடைந்தன. தேவனின் மறைவுக்குப் பின் கோபுலுவின் தூரிகையில் சாம்பு படக்கதையாகவும் உருப்பெற்றார். பின்னாளில் தூர்தர்ஷனில் சாம்பு கதைகள் தொடராக ஒளிபரப்பாயின. நாடக நடிகர் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். ஒரே பாத்திரம் எழுத்து, ஓவியம், மேடை, சின்னத்திரை என்னும் நான்கு தளங்களில் உலவியிருப்பது ஊடக மாற்றத்தை ஆராய்வோர்க்கு அரிய வாய்ப்பாகும்.

துப்பறியும் மரபும் சாம்புவும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகியோர் தமிழில் துப்பறியும் நாவலுக்குப் பெரிய வாசகர் கூட்டத்தை உருவாக்கினர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூராரின் திகம்பர சாமியார் ஆகியோர் அறிவாலும் துணிவாலும் குற்றத்தை வெளிக்கொணர்பவர்கள். ஆங்கிலத்தில் ஷெர்லாக் ஹோம்ஸ் வகுத்த நெறியும் இதுவே. குற்றம், தடயம், ஊகம், விளக்கம் என்னும் நான்கு படிகளில் கதை நகரும்; இறுதி விளக்கத்தைத் துப்பறிவாளரே தருவார்.

தேவன் இந்நெறியைக் கைவிடவில்லை. படிகளை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றை நிரப்புவோரை மட்டும் மாற்றினார். வங்கியில் எழுத்தராக இருந்து வேலையிழந்தவர் சாம்பு. வழுக்கைத் தலையும் பெரிய மூக்கும் அசட்டுத் தோற்றமும் உடையவர். குற்றம் நிகழ்ந்த இடத்திற்கு அவர் அழைக்கப்படுகிறார், அல்லது தற்செயலாக அங்கே வந்து சேர்கிறார். அச்சத்தாலோ மறதியாலோ குழப்பத்தாலோ அவர் செய்யும் ஒரு செயல் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. நிகழ்ந்தது என்னவென்று அவருக்கே விளங்குவதில்லை. இன்ஸ்பெக்டர் கோபாலனோ அச்செயலுக்குப் பின்னால் நுட்பமான திட்டம் ஒன்று இருந்ததாகக் கண்டு வியக்கிறார். புகழ் சாம்புவைச் சேர்கிறது.

இங்கு ஒரு தலைகீழாக்கம் நிகழ்வதைக் காணலாம். ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சன் குறைவாக ஊகிப்பதால் வியக்கிறார். சாம்பு கதைகளில் கோபாலன் மிகுதியாக ஊகிப்பதால் வியக்கிறார். தடயங்களை இணைத்து, காரண காரியம் கற்பித்து, முழுமையான விளக்கம் ஒன்றைக் கட்டி எழுப்புபவர் அவரே. துப்பறியும் அறிவின் உழைப்பு முழுவதையும் அவர் ஏற்கிறார். அதன் பெருமையைச் சாம்புவிடம் ஒப்படைத்துவிடுகிறார். பிங்க் பாந்தர் திரைப்படங்களின் இன்ஸ்பெக்டர் குளூஸோவைச் சாம்புவோடு ஒப்பிடுவது வழக்கம். அப்பாத்திரம் திரைக்கு வந்தது 1963இல். கால முன்மையைக் காட்டிலும் வேறுபாடே இங்குக் கருதத்தக்கது: குளூஸோ தம்மைப் பேரறிஞராக நம்புபவர், சாம்புவை அவ்வாறு நம்புவோர் பிறர்.

பேதைமையும் மடனும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகையின் நிலைக்களன்கள் என்கிறது. பின்னிரண்டும் மேற்போக்காக நோக்குவார்க்கு ஒன்றுபோல் தோன்றும். ஆயினும் உரை மரபு அவற்றை வேறுபடுத்துகிறது. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பது கேட்டதை ஆராய்ந்து தெளியாமல் மெய்யெனக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல். முன்னது ஒன்றை அறியாமையால் வருவது. பின்னது ஒன்றை உறுதியாக நம்புவதால் வருவது.

இவ்வேறுபாடு சாம்பு கதைகளின் நகையை விளக்கப் பெரிதும் உதவுகிறது. பேதைமை சாம்புவிடம் உள்ளது. மடன் கோபாலனிடமும் செல்வர்களிடமும் பொதுமக்களிடமும் உள்ளது. சாம்பு தடுக்கி விழுவது மட்டும் நகையாயின், அது ஒரு கதைக்கு மேல் தாங்காது. ஐம்பது கதைகள் வரை நகை நீடிப்பதற்குக் காரணம் மடனே. ஒருமுறை ‘மேதை’ என்று முடிவு கட்டிவிட்ட சமூகம், பின்னர் வரும் ஒவ்வொரு சான்றையும் அம்முடிவிற்கேற்பவே பொருள்கொள்கிறது. சாம்பு மௌனமாக இருந்தால் ஆழ்ந்த சிந்தனை, உளறினால் மறைபொருள், ஓடினால் வியூகம். புகழ் எவ்வாறு உற்பத்தியாகிறது, உற்பத்தியானபின் எவ்வாறு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்பதைப் பற்றிய சமூக விமர்சனமாகவும் இக்கதைகளைப் படிக்க இடமுண்டு.

எனவே சாம்பு கதைகளைத் தழுவும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவாகிறது: பேதைமைக்கும் மடனுக்கும் இடையே தேவன் நிறுவிய சமநிலையைத் திரையில் எவ்வாறு காப்பது?

கதைசொல்லியின் இடம்

சாம்பு கதைகளைச் சொல்பவர் கதைக்கு வெளியே நிற்கும் படர்க்கைக் கதைசொல்லி. உண்மையில் நடந்தது என்ன என்பதை அவர் அறிவார். அதை வாசகருக்கும் சொல்லிவிடுகிறார். ஆனால் சாம்புவின் அசட்டுத்தனத்தைக் கூறும்போதும் கோபாலனின் வியப்பைக் கூறும்போதும் அவர் குரல் ஒரே அமைதியோடு இருக்கிறது; எந்தப் பக்கமும் சாய்ந்து சிரிப்பதில்லை.

எழுத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. சாம்பு ஏன் அவ்வாறு செய்தார் என்று கதைசொல்லி தருவது ஒன்று. கோபாலன் தருவது மற்றொன்று. இரண்டும் சொற்களால் ஆனவை. ஒரே பக்கத்தில், ஒரே அச்செழுத்தில் நிற்பவை. முதலாவதே உண்மை என்று அறிந்த வாசகரும் இரண்டாவதன் தருக்க ஒழுங்கைக் கண்டு ஒரு கணம் தடுமாறுகிறார். கோபாலனின் விளக்கம் உண்மையான துப்பறியும் நாவலில் வந்திருந்தால் வாசகர் அதை ஏற்றிருப்பார். அந்தக் கணத் தடுமாற்றத்தில்தான் துப்பறியும் இலக்கியத்தைப் பற்றிய தேவனின் கேலி உயிர்பெறுகிறது: விளக்கம் ஒழுங்காக இருப்பதாலேயே அது உண்மையாகிவிடுவதில்லை.

திரையில் இவ்விரு செய்திகளும் சமநிலையில் நிற்பதில்லை. சாம்பு தடுக்கி விழுவது காட்சி; கோபாலன் விளக்குவது வசனம். கண்ணால் கண்டதே பார்வையாளருக்கு மறுக்க முடியாத சான்று. அதன் முன் வசனம் வலுவிழக்கிறது. எழுத்தில் ‘அறிவாளி, ஆனால் தவறாக நம்புகிறார்’ என்றிருந்த கோபாலன், திரையில் ‘எதிரில் நடப்பதைக் கூடக் காணாதவர்’ என்று தோன்றத் தொடங்குகிறார். மடன் பேதைமையாகத் தாழ்கிறது. பேதையர் இருவர் எதிரெதிரே நிற்கும்போது நகை இரட்டிப்பதில்லை, ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

வங்காளத்தின் சான்று இதைத் தெளிவாக்கும். சரதிந்து பந்தோபாத்யாயரின் வியோம்கேஷ் கதைகளை 1993இல் பாசு சாட்டர்ஜி தூர்தர்ஷனுக்காக இயக்கினார். கதைகளில் பெரும்பாலானவற்றைச் சொல்பவர் வியோம்கேஷின் நண்பர் அஜித். அவர் கதைக்குள்ளேயே வாழ்பவர் என்பதால், ரஜித் கபூரின் வியோம்கேஷுக்கு அருகில் கே. கே. ரெய்னாவின் அஜித்தை அமரவைத்துவிட முடிந்தது. கதைசொல்லியின் நோக்குநிலை ஒரு நடிகரின் முகத்தில் இடம்பெற்றது. சாம்புவின் கதைசொல்லிக்கு முகம் இல்லை, பெயர் இல்லை, கதையுலகில் நிற்க இடமும் இல்லை. அவரை நடிகராக்க இயலாது. அவர் செய்த பணியைப் படக்கருவி, படத்தொகுப்பு, நடிப்பு ஆகியவற்றிடம் பகிர்ந்தளிப்பது ஒன்றே வழி.

முகம் என்னும் சிக்கல்

எழுத்துப் பாத்திரத்திற்கு வாசகர் தாமே முகம் அமைத்துக்கொள்வர் என்பது பொதுவான கருத்து. விகடன் மரபில் இது முழுமையாகப் பொருந்தாது. ராஜுவின் சித்திரங்கள் கதையோடு சேர்ந்தே வந்தமையால், சாம்புவின் முகம் தொடக்கத்திலேயே வாசகர் மனத்தில் பதிந்துவிட்டது. கோபுலுவின் படக்கதையில் அம்முகம் ஒவ்வொரு கட்டத்திலும் இடம்பெற்றது. ஆகவே தொலைக்காட்சித் தொடரின் நடிகர் எழுத்தோடு மட்டுமன்றி, ஓவிய மரபோடும் ஒப்பிடப்பட்டார்.

காத்தாடி ராமமூர்த்தி சபா நாடக மேடையில் வளர்ந்தவர். சோ எழுதிய நாடகம் ஒன்றில் ஏற்ற பாத்திரமே அவருக்குக் ‘காத்தாடி’ என்ற பெயரைத் தந்தது. சென்னைச் சபா நாடகத்தின் நகை பெரும்பாலும் உரையாடலைச் சார்ந்தது. சொல்லின் வேகமும் பதிலின் கூர்மையும் அரங்கின் சிரிப்பலையும் அதன் அடிப்படைகள். சாம்புவோ கூர்மையாகப் பதில் சொல்ல இயலாதவர். மேடையில் நடிகர் சிரிப்பிற்காகச் சற்றே நிறுத்திப் பின் தொடரலாம்; தொலைக்காட்சியில் அந்த இடைவெளியை நிரப்ப அரங்கம் இல்லை. மேலும் அண்மைக்காட்சி, முகத்தின் சிறு அசைவையும் பெரிதாக்கும். சாம்பு தம் நிலையை அறிந்திருக்கிறார் என்ற ஐயம் அம்முகத்தில் ஒரு கணம் தோன்றினாலும் அவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுவார். முற்றிலும் வெறுமையாக இருந்தால் பரிதாபத்திற்குரியவர் ஆகிவிடுவார். எழுத்தில் கதைசொல்லியின் சொல்லமைதி காத்த இந்த எல்லையை, திரையில் நடிகரின் அடக்கம் காக்க வேண்டியுள்ளது.

இங்கு அறம் சார்ந்த ஒன்றும் அடங்கியிருக்கிறது. எழுத்தில் சாம்புவின் வழுக்கையும் மூக்கும் ஒருமுறை சொல்லப்பட்டு, பின் கதை நகர்ந்துவிடும். திரையில் அவை எப்போதும் கண்முன் நிற்கும். நகையின் இலக்கு சமூகத்தின் மடனிலிருந்து ஒரு தனிமனிதரின் தோற்றத்திற்கு மாறும் வாய்ப்பு இதனால் மிகுகிறது. தொல்காப்பியம் எள்ளலைத் தனி நிலைக்களனாகப் பிரித்து வைத்திருப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பேதைமை, மடன் ஆகியவற்றின் மேல் அமைந்த கதை எள்ளலின் மேல் சென்று விழுமாயின், பாத்திரத்தின் பெயர் மட்டுமே தழுவலில் எஞ்சும்.

நடிகரின் முகம் மூலத்தையே மாற்றியதற்கும் சான்றுண்டு. சத்யஜித் ராயின் ஃபெலுதா கதைகளில் நகைக்கு உரியவர், துப்பறியும் நாவலாசிரியரான ஜடாயு என்னும் லால்மோகன் கங்குலி. ‘சோனார் கேல்லா’ (1974) திரைப்படத்தில் சந்தோஷ் தத்தா அப்பாத்திரத்தை ஏற்றபின், ராய் கதைகளுக்கு வரைந்த ஜடாயுவின் சித்திரங்கள் அந்நடிகரின் சாயலைப் பெற்றன. தழுவல் என்பது மூலத்திலிருந்து திரைக்குச் செல்லும் ஒருவழிப் பாதை அன்று என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

தொடர் வடிவமும் காலமும்

சாம்பு கதைகள் வார இதழுக்காக எழுதப்பட்டவை. ஒவ்வொரு கதையும் தன்னளவில் முடிவது. அதே வேளையில் வேம்புவுடன் திருமணம், மகன் சுந்துவின் வருகை எனச் சாம்புவின் இல்வாழ்க்கை கதைகளினூடே மெல்ல வளர்கிறது. வார இதழின் இவ்வமைப்பு வாரம் ஒருமுறை ஒளிபரப்பாகும் தொலைக்காட்சித் தொடரின் அமைப்போடு இயல்பாகப் பொருந்தியது. 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையமும், 1984இன் ‘ஹம் லோக்’ தொடருக்குப்பின் நாடு முழுவதும் பரவிய வாராந்தரத் தொடர் வழக்கமும் இதழ் இலக்கியத்திற்குப் புதிய இருப்பிடம் ஒன்றை அளித்தன.

1993க்குப்பின் தனியார் தமிழ் அலைவரிசைகள் பெருகி, நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்கள் நிலைபெற்றன. இன்று பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் போன்ற மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் பெரும் படப்பிடிப்புத் தளங்கள் இயங்குகின்றன. வசதிகள் பெருகிய போதும், ஒரு வாரத்தில் தொடங்கி முடியும் துப்பறியும் கதைக்கான இடம் குறைந்தது. நெடுந்தொடர் முடிவை ஒத்திவைப்பதால் வாழ்கிறது. துப்பறியும் கதை முடிவைத் தருவதால் வாழ்கிறது. சாம்பு போன்ற பாத்திரம் மீண்டும் சின்னத்திரைக்கு வருவது கலைஞர்களின் திறத்தை மட்டுமன்றி, ஒளிபரப்பு வடிவத்தையும் பொறுத்தது.

காலமாற்றமும் கருதத்தக்கது. தேவனின் முதல் வாசகர்க்குச் சாம்புவின் உலகம் சமகாலம்; வங்கி எழுத்தரின் வேலையிழப்பு அவர்களுக்கு அன்றாட அச்சம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலையையும் நம்பி 1960களுக்குப்பின் குடியேறிய குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கு, அதே உலகம் தாத்தா காலத்து நினைவு. எழுத்தில் ‘வங்கி’ என்ற ஒரு சொல் எக்காலத்திற்கும் பொருந்தும். திரையில் அவ்வங்கிக்கு மேசையும் மையக்கூடும் நாட்காட்டியும் வேண்டும். அவை உடனே காலத்தை உறுதிசெய்துவிடும். கதை ‘பழங்காலத்துக் கதை’ என்று தோன்றத் தொடங்கியதும், அதன் விமர்சனக் கூர்மை மழுங்கி இனிய நினைவாக மாறிவிடும். புகழை உற்பத்தி செய்யும் மடனோ எந்தக் காலத்திற்கும் புதியதே.

நிகழ்ச்சியா, நெறியா?

ஆங்கிலத்தில் டக்ளஸ் ஆடம்ஸ் 1987இல் வெளியிட்ட டர்க் ஜென்ட்லி நாவல் ஒப்பீட்டிற்கு உதவுகிறது. எல்லாப் பொருள்களும் ஒன்றோடொன்று அடிப்படையில் தொடர்புடையவை என்ற நம்பிக்கையில் துப்பறிபவர் டர்க். தடயத்தைப் பின்தொடராமலே விடையை அடைவதால் அவர் சாம்புவிற்கு உறவினர். தம் நெறியைத் தாமே ஓயாமல் விளக்குவதால் சாம்புவிற்கு எதிர்நிலையினர்.

இந்நாவலை பிபிசி ஃபோர் 2010இல் முன்னோட்டப் படமாகவும் 2012இல் மூன்று பகுதிகளாகவும் ஒளிபரப்பியது. ஸ்டீபன் மங்கன் டர்க்காக நடித்தார். நாவலின் பின்னிய நிகழ்ச்சிகளுள் பெரும்பகுதி விடுபட்டு, டர்க்கும் மக்டஃபும் இணைந்து துப்பறியும் இருவர் கதையாக அது அமைந்தது. 2016–2017இல் பிபிசி அமெரிக்கா ஒளிபரப்பிய வேறொரு தொடர், சாமுவேல் பார்னெட்டின் டர்க்கை மட்டும் வைத்துக்கொண்டு கதை, இடம், துணைப்பாத்திரங்கள் அனைத்தையும் புதிதாக அமைத்தது. நிகழ்ச்சிகளை நோக்கின் இரண்டாவது தொடர் மூலத்திலிருந்து மிகத் தொலைவில் நிற்கிறது. ஆனால் தொடர்பற்றனவாகத் தோன்றும் பல கதையிழைகளை அருகருகே ஓடவிட்டு இறுதியில் இணைத்ததன் வாயிலாக, நாவலின் கதைசொல்லி சொற்களால் செய்ததை அது அமைப்பினால் செய்தது. கதைசொல்லியின் குரலைக் கதையமைப்பாக மாற்ற இயலும் என்பதை இத்தழுவல் காட்டுகிறது.

இவ்வழி சாம்புவிற்கும் பொருந்தும். விபத்தை முதலில் காட்டி விளக்கத்தைப் பின்னர்த் தருவதற்கு மாறாக, படக்கருவி முதலில் கோபாலனின் நோக்குநிலையில் நிற்கலாம். அவர் கண்ட அளவில் நிகழ்ச்சி திட்டமிட்ட அருஞ்செயலாகத் தோன்றட்டும். அவருடைய விளக்கமும் நிறைவாகவே அமையட்டும். அதன்பின் அதே நிகழ்ச்சி சாம்புவின் பக்கத்திலிருந்து காட்டப்படுமாயின், இரண்டும் காட்சிகளாகவே எதிரெதிர் நிற்கும். எழுத்தில் சொல்லுக்குச் சொல் நின்ற சமநிலை, திரையில் காட்சிக்குக் காட்சி நிற்கும். நிகழ்ச்சி வரிசை மாறும்; நகையின் நெறி மாறாது. கோபாலனாக நடிப்பவர் நகைச்சுவை நடிகராக அன்றி, முழுமையான தீவிரத்தோடு நடிப்பவராக இருத்தலும் இச்சமநிலைக்கு இன்றியமையாதது.

முடிவுரை

‘துப்பறியும் சாம்பு’ கதைகளின் நகை, சாம்புவின் பேதைமையில் தொடங்கி அவரைச் சூழ்ந்தோரின் மடனில் நிறைவடைகிறது. எழுத்தில் இவ்விரண்டையும் ஒரே அமைதியோடு தாங்கி நிற்பவர் கதைக்கு வெளியே உள்ள கதைசொல்லி. தொலைக்காட்சியில் அவர் நேரடியாக இடம்பெற முடியாமையால், காட்சி வசனத்தை விஞ்சுவதும், தோற்றம் குணத்தை விஞ்சுவதும், பழமை விமர்சனத்தை விஞ்சுவதும் நேரக்கூடியவை. இவை நடிகர் ஒருவரின் குறையோ இயக்குநர் ஒருவரின் குறையோ அல்ல. ஊடக மாற்றத்தோடு உடன்வருபவை. அவற்றை எதிர்கொள்ளும் வழி நிகழ்ச்சிகளை விடாமல் எடுத்தாள்வதில் இல்லை. நோக்குநிலையைப் பகிர்ந்தளிப்பதில் உள்ளது.

தமிழில் தழுவல் ஆய்வு திரைப்படத்தை நோக்கியே பெரிதும் செல்கிறது. இதழ், ஓவியம், சபா நாடகம், வாராந்தரத் தொலைக்காட்சித் தொடர் ஆகியவை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பாத்திரங்களைக் கைமாற்றி வந்த வரலாறும் அத்துறைக்குள் சேர்த்து எழுதப்பட வேண்டியதாகும். அச்சில் உள்ள கதையை இன்றும் வாங்கிப் படிக்கலாம். ஒளிபரப்போ ஓடி மறையும் இயல்பினது. பார்த்தோரின் நினைவும் நடித்தோரின் அனுபவமும் பதிவு செய்யப்படும்போதுதான் அவ்வரலாற்றின் தொலைக்காட்சிப் பகுதி ஆய்வுக்குரிய சான்றாக நிலைக்கும். சாம்பு அதற்கு நல்ல தொடக்கமாக அமைவார்.